ஆட்டோரன்: இட்டதும் தொடங்கும் ஒலிவட்டுக்குக் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

பல்லூடக ஆக்கக்கருவிகளுக்கான தமிழ் உதவிக்குறிப்பு வரைவு நிலையில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாத ஒருவர், பாட்டோ பாடமோ அடங்கிய வட்டைத் தானே செய்ய வேண்டும். அதைக் கணினியில் இட்டதும் முகப்புப் பக்கம் வந்து நிற்க வேண்டும். ஆட்டோபிளே மீடியா ஸ்டுடியோ போன்ற கருவிகளில் வேலை எளிதுதான். பக்கத்தைத் திறந்து, பொத்தானை இழுத்துப் போட்டு, அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தால் போதும். நமக்கு இடிப்பது சொல்.

வட்டை இட்டதும் நிரல் தொடங்கும் இந்த ‘ஆட்டோரன்’ வசதிக்குத் ‘தானியங்கி’ என்றே இதுவரை எழுதி வந்தோம். வரைவில் வந்து விழுந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

“இயக்ககத்தில் வட்டை இட்டதும் இயங்குதளம் தானியங்கியை இயக்கும். இயங்காவிட்டால் இயக்கி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கவும்.”

டிரைவுக்கு இயக்ககம், டிரைவருக்கு இயக்கி, ரன்னுக்கு இயக்கு, பிளேக்கும் இயக்கு. ஒரே வேரை எத்தனை பேருக்குத்தான் பங்கு போடுவது? போதாததற்குத் ‘தானியங்கி’ பணம் எடுக்கும் பொறிக்கும் பெயராகிவிட்டது. வேறு சொல் வேண்டும்.

---

> வேறு சொல் வேண்டும்

தானோடி. பேச்சில் ‘புரோகிராம் ஓடுது’ என்றுதானே சொல்கிறோம்? ரன் என்றால் ஓடு. தானே ஓடுவது தானோடி. மூன்றெழுத்தில் முடிகிறது.

---

தானோடி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தான்’ என்ற பாதியே பொய் என்பது என் கருத்து. உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

வட்டு தானாக எதையும் செய்வதில்லை. வட்டு மாறியதை விண்டோஸ் உணர்கிறது. வட்டின் மூல அடைவில் (எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாத முதல் படியில்) ஆட்டோரன்.ஐஎன்எஃப் என்ற உரைக்கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதைப் படிக்கிறது:

[ஆட்டோரன்]
ஓப்பன்=மெனு.இஎக்ஸ்இ
ஐகான்=வட்டு.ஐசிஓ

(கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டெழுத வேண்டும்.) முதல் வரி பிரிவின் பெயர், இரண்டாவது தொடங்க வேண்டிய நிரல், மூன்றாவது வட்டுக்குக் காட்ட வேண்டிய சின்னம். அந்தக் கோப்பு வெறும் சீட்டு. சீட்டைப் படித்து நடப்பதும், படித்துவிட்டுச் சும்மா இருப்பதும் இயங்குதளத்தின் விருப்பம்.

இந்த விருப்பம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. விண்டோஸ் 95-இல் அறிமுகமானபோது வட்டை இட்டதும் கேள்வி கேட்காமல் நிரல் தொடங்கியது. எக்ஸ்பி வரை இதே கதை. 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசைவட்டுகள் சில, படியெடுப்பைத் தடுக்கும் மென்பொருளைப் பயனருக்குச் சரியாகச் சொல்லாமலே கணினியில் பதித்தன. 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் புழு, விரலிகளில் (யுஎஸ்பி பென்டிரைவ்) இதே சீட்டைப் போட்டு ஊர் சுற்றியது. விஸ்டாவிலிருந்து நிரல் நேரே தொடங்குவதில்லை; ‘இதை இயக்கவா, கோப்புகளைக் காட்டவா’ என்று ஒரு பலகை கேட்கிறது. விண்டோஸ் 7-இல் விரலிக்கு ‘இதை இயக்கவா’ என்ற கேள்வியும் போய்விட்டது. குறுவட்டுக்கும் டிவிடிக்கும் மட்டும் மிச்சம். மேக் ஓஎஸ் எக்ஸ் இந்தச் சீட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

எனவே ‘தானோடி வட்டு’ என்று உறைமேல் அச்சிட்டால், பயனர் வட்டை இடுவார், பலகை வரும், ‘தானே ஓடவில்லையே, வட்டு கெட்டது’ என்று முடிவு கட்டுவார். பெயரே தவறான வாக்குறுதி கொடுக்கிறது.

இன்னொன்று. ஆட்டோரன் வேறு, ஆட்டோபிளே வேறு. முதலாவது சீட்டைப் படித்து நிரலைத் தொடங்குவது. இரண்டாவது, வட்டில் பாட்டு இருக்கிறதா படம் இருக்கிறதா என்று பார்த்து எதில் திறக்கலாம் என்று கேட்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் உதவிக்குறிப்பு எழுதவே முடியாது.

---

நண்பர் சொன்னதை ஏற்கிறேன். தூண்டுவது எது? வட்டை இடும் செயல். நடப்பது எது? ஒரு நிரலின் தொடக்கம். ஓடுவதோ ஒலிப்பதோ அதற்குப் பின்னால் நிரலின் பாடு. ஆகவே:

ஆட்டோரன் – இடுதொடக்கம்
ஆட்டோபிளே – இடுதேர்வு
ஆட்டோரன்.ஐஎன்எஃப் – தொடக்கக்குறிப்பு

முதல் இரண்டும் இணைச்சொற்கள். இட்டதும் தொடங்கினால் இடுதொடக்கம், இட்டதும் தேரச் சொன்னால் இடுதேர்வு. ‘இடுபொருள்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் ஓசையும் புதிதல்ல. ‘செருகுதொடக்கம்’ என்றும் யோசித்தேன். பிளகினுக்குச் செருகுநிரல் என்று வைத்துவிட்டோம், அங்கே போய் முட்டும்.

---

இடுபொருளில் இடப்படுவது பொருள். இடுதொடக்கத்தில் இடப்படுவது தொடக்கமா? வட்டல்லவா? வினைத்தொகை சரியாக உட்காரவில்லை. அதோடு, ‘இடு’ என்று தொடங்கினாலே எனக்கு இடுகாடு நினைவுக்கு வருகிறது.

---

ஐயா, இடுகாட்டில் இடப்படுவதும் காடு அல்லவே. உங்கள் இரண்டாவது ஐயமே முதல் ஐயத்துக்கு விடை. வலைப்பதிவர்கள் நாள்தோறும் ‘இடுகை’ இடுகிறார்கள். யாரும் இடுகாட்டை நினைப்பதில்லை.

---

வணக்கம். இடுதொடக்கம் எனக்குச் சம்மதம். ஆனால் ‘ஒலிவட்டு’ என்று நீங்கள் எழுதுவது எந்த வட்டை? சிடியை எங்கள் பக்கத்தில் இறுவட்டு என்போம், உங்கள் பக்கத்தில் குறுவட்டு, குறுந்தகடு. அந்தச் சண்டை இன்றைக்கு வேண்டாம். பெயரை விட வகைதான் இங்கே முக்கியம், ஏனென்றால் செய்முறையே மாறுகிறது.

ஒன்று, தரவுவட்டு. எம்பி3 கோப்புகளும் முகப்பு நிரலும் வெறும் கோப்புகளாக இருக்கும். 700 எம்பி வட்டில் 2,048 பைட் கொண்ட 3,60,000 கூறுகள் (செக்டர்). நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் ஒரு நிமிடம் 0.96 எம்பி பிடிக்கும். நிரலுக்கு இடம் ஒதுக்கியபின்னும் 12 மணி நேரத்துக்கு அடங்கும். ஆனால் எம்பி3 தெரியாத பழைய இசைப்பெட்டியில் இது பாடாது.

மற்றது, இசைப்பெட்டியிலும் பாட வேண்டும், கணினியில் இட்டால் முகப்பும் வர வேண்டும் என்ற வகை. இதற்கு இரண்டு அமர்வுகள் (செஷன், அதாவது ஒரு முறையில் எழுதி முடிக்கும் பகுதி) தேவை. முதல் அமர்வில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரட்டைத்தட ஒலித்தடங்கள். இரண்டாம் அமர்வில் நிரலும் தொடக்கக்குறிப்பும். இசைப்பெட்டி முதல் அமர்வோடு நின்றுவிடும், கணினி கடைசி அமர்வைப் பார்க்கும். அமர்வுகளுக்கு இடையே 11,250 கூறுகள் வீணாகும். நொடிக்கு 75 கூறு என்ற கணக்கில் இரண்டரை நிமிடம். 80 நிமிட வட்டில் 60 நிமிடப் பாட்டுப் போட்டால் தரவுக்கு மிஞ்சுவது பதினேழரை நிமிட இடம், ஏறத்தாழ 160 எம்பி.

வரிசையை மாற்றி முதல் தடத்திலேயே தரவை வைப்பதும் உண்டு. பழைய இசைப்பெட்டிகள் அந்தத் தடத்தையும் பாட்டென்று நினைத்து வாசிக்கும். ஒலிபெருக்கியில் காது கிழியும் இரைச்சல் வரும். அதனால் அந்த வகையை உதவிக்குறிப்பில் சேர்க்கவே வேண்டாம்.

இரண்டமர்வு வகைக்கு ‘ஈரமர்வு வட்டு’ என்று எழுதலாமா?

---

ஈரமர்வு என்றால் வட்டு நனைந்தது போலிருக்கிறது. ‘இரட்டை அமர்வு வட்டு’ போதும்.

---

சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். புதியவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை எழுதாமல் விட்டால் கலைச்சொல்லை வைத்து என்ன செய்வது? உதவிக்குறிப்பில் இவை இருக்க வேண்டும்.

பெரும்பாலும் நடக்கும் தவறு: ஆக்கக்கருவி உருவாக்கித் தந்த கோப்புறையையே அப்படியே வட்டில் எழுதிவிடுவது. அப்போது தொடக்கக்குறிப்பு மூல அடைவில் இருக்காது, ஒரு படி உள்ளே போய்விடும். விண்டோஸ் உள்ளே போய்த் தேடாது. கோப்புறையைத் திறந்து, உள்ளே உள்ளவற்றைத் தேர்ந்து எழுத வேண்டும். ஐஎஸ்ஓ படிமமாக (முழு வட்டின் நகலான ஒற்றைக் கோப்பாக) வெளியிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதையும் ‘படிமத்தை எழுது’ என்ற கட்டளையால் எழுத வேண்டும். சாதாரணக் கோப்பாக இழுத்துப் போட்டால் வட்டில் ஒற்றை ஐஎஸ்ஓ கோப்புத்தான் கிடக்கும்.

நோட்பேடில் தொடக்கக்குறிப்பு எழுதுபவர்கள், கோப்புப் பெயரின் கடைசியில் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்வதைக் கவனிப்பதில்லை. பின்னொட்டுகளை மறைக்கும் அமைப்பு விண்டோஸில் இயல்பாக இருப்பதால் பார்வைக்குப் பெயர் சரியாகவே தெரியும். சேமிக்கும்போது ‘எல்லாக் கோப்புகள்’ என்று வகையை மாற்றுங்கள், குறியாக்கம் ஆன்சி ஆக இருக்கட்டும்.

அடுத்தது பாதை. செய்பவரின் கணினியில் எல்லாம் பாடும், மற்றவர் கணினியில் பொத்தானை அழுத்தினால் அமைதி. பொத்தானுக்குள் ‘டி:\பாட்டு\01.எம்பி3’ என்று எழுதியிருப்பார்கள். மற்றவர் கணினியில் வட்டியக்ககம் ஈ:, எஃப்: என்று இருக்கும். கருவி தரும் ‘நிரல் இருக்கும் அடைவு’ என்ற மாறியிலிருந்து பாதையைத் தொடங்க வேண்டும். இதைச் சார்புப்பாதை என்றும், டி: என்று தொடங்குவதை முழுப்பாதை என்றும் எழுதியிருக்கிறேன். சோதிக்கும்போது மூலக் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுச் சோதியுங்கள். முழுப்பாதை எங்காவது ஒளிந்திருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பாட்டு விக்குவது இன்னொரு புகார். பின்னணி இசை வட்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கத்தின் பெரிய படத்தையும் அதே வட்டிலிருந்து எடுக்கச் சொல்கிறோம். லேசர் தலை இரண்டு இடத்துக்கும் ஓடி அலைகிறது. படங்களைத் திரை அளவுக்குச் சுருக்கி, பின்னணி இசையை டபிள்யூஏவி ஆக வைக்காமல் அழுத்திய வடிவில் வைத்தால் பெரும்பாலும் தீரும். டபிள்யூஏவி நிமிடத்துக்குப் பத்து எம்பிக்கு மேல்; எம்பி3-ஐ விடப் பதினொரு மடங்கு.

பொத்தான் மேல் தமிழ் எழுத்து: யூனிகோடு ஏற்காத பழைய ஆக்கக்கருவியில் வினாக்குறி வரிசையாக நிற்கும். ஏற்றும் எழுத்துச் சேர்க்கை தெரியாத கருவியில் ‘கொ’ உடையும். ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தொங்கும். அங்கே எழுத்தைப் படமாக்கி ஒட்டுவதே வழி. கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுங்கள்.

---

எல்லாவற்றையும் சேர்த்து வரைவைத் திருத்தியிருக்கிறேன்:

“வட்டை இயக்ககத்தில் இடவும். இடுதேர்வுப் பலகை தோன்றினால் ‘மெனு’ என்பதைச் சொடுக்கவும். பழைய விண்டோஸில் இப்பலகை இன்றியே இடுதொடக்கம் நிகழும். வேண்டாமெனில் இடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்கவும். எதுவும் தோன்றாவிட்டால் வட்டைத் திறந்து மெனு நிரலை நேரே சொடுக்கவும். இரட்டை அமர்வு வட்டுச் செய்வோர், முதல் அமர்வை எழுதியதும் அமர்வை மட்டும் மூடவும். வட்டை மூட வேண்டாம். இரண்டாம் அமர்வை எழுதியபின் வட்டை மூடவும்.”

முதல் வரைவில் ஏழு முறை தலைகாட்டிய இயக்கம் இப்போது இயக்ககத்தில் மட்டும் நிற்கிறது.

---

> வட்டை மூடவும்

இதைப் படிப்பவர் வட்டியக்ககத்தின் தட்டை உள்ளே தள்ளுவார். அல்லது சாளரத்தை மூடுவார். ‘குளோஸ்’ என்று மென்பொருளில் இருப்பதற்காக நாமும் ‘மூடு’ என்று எழுத வேண்டியதில்லை. அமர்வுக்கு ‘முடி’, வட்டுக்கு ‘முத்திரையிடு’ என்று பிரிக்கலாம். முத்திரையிட்டபின் எதையும் சேர்க்க முடியாது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

---

முத்திரையிடு நன்று, மாற்றிவிட்டேன். ‘பர்ன்’ என்பதற்கு எழுதி வந்த ‘எரி’ என்பதையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் ‘எழுது’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வரைவு போகுமுன் சொல்லுங்கள்.