இரண்டு ஃபைபர் லைன் சேர்த்தும் வேகம் கூடவில்லை, உதவி தேவை

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
வணக்கம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. ஒரு கல்யாணத்துக்கு 60 ஜிபி வரை கூகுள் டிரைவில் ஏற்ற வேண்டும். 40 எம்பிபிஎஸ் லைனில் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. இன்னொரு கம்பெனியிடம் 30 எம்பிபிஎஸ் லைன் எடுத்து, டிபி-லிங்க் இஆர்605 ரவுட்டரில் இரண்டையும் சொருகி லோட் பேலன்சிங் போட்டேன். ஸ்பீடு டெஸ்டில் ஒரு நேரம் 38, ஒரு நேரம் 28. எழுபது வரவே மாட்டேன் என்கிறது. பெரிய செலவு செய்ய வழியில்லை.

வயர்மேன்:
ரவுட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது, நண்பரே. லோட் பேலன்சிங் இரண்டு லைனையும் ஒட்டி ஒன்றாக்காது. கம்ப்யூட்டர் ஒரு சர்வரோடு திறக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் ஏதாவது ஒரு லைனில் அனுப்பும், அவ்வளவுதான். இரண்டு கவுன்டர் திறந்திருந்தாலும் ஒருவர் ஒரு கவுன்டரில்தானே நிற்க முடியும்? ஒற்றை ஃபைலுக்கு 40தான் உச்சம்.

ஸ்பீடு டெஸ்ட் பல கனெக்‌ஷன் திறக்குமே, அது ஏன் கூடவில்லை என்றால், ‘அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங்’ டிக் ஆகியிருக்கும். அது இருந்தால் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சர்வருக்குப் போவதெல்லாம் ஒரே லைனில் போகும். எடுத்துவிட்டுப் பாருங்கள். ரவுட்டரின் வான் (வெளி லைன்) செட்டிங்கில் இரண்டு லைனின் உண்மையான அப்லோடு, டவுன்லோடு வேகத்தையும் போடுங்கள். அந்த விகிதத்தில்தான் பிரித்து அனுப்பும்.

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
டிக்கை எடுத்ததும் டெஸ்டில் 66 வந்துவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் பேங்க் சைட் பாதியில் லாக்-அவுட் ஆகிறது. டிரைவில் நாலு ஃபைல் சேர்த்துப் போட்டாலும் பழைய வேகம்தான்.

வயர்மேன்:
லைன் மாறும்போது ஐபி முகவரியும் மாறும். நடுவில் அது மாறினால் பேங்க் சைட் வெளியே தள்ளிவிடும். அந்த டிக் இருப்பதே இதற்காகத்தான். எந்த கம்ப்யூட்டர் எந்த லைனில் போக வேண்டும் என்று சொல்லும் பாலிசி ரவுட்டிங்கில், கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரை முதல் லைனோடு கட்டிப்போடுங்கள்.

பிரவுசரில் நாலு ஃபைல் போட்டாலும் பெரும்பாலும் ஒரே கனெக்‌ஷனில் போய்விடும். ஆர்க்ளோன் (rclone) என்று டிரைவில் ஃபைல் ஏற்றும் புரோகிராம் இருக்கிறது. இலவசம், அதில் ஏற்றுங்கள். தானாகவே நாலு ஃபைலைத் தனித்தனி கனெக்‌ஷனில் அனுப்பும். வீடியோவை முகூர்த்தம், ரிசப்ஷன் என்று துண்டாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் பலன் முழுசாகக் கிடைக்கும்.

லினக்ஸ் பிரியன்:
ஒற்றை ஃபைலே இரண்டு லைனிலும் போக வேண்டுமென்றால் பாண்டிங், அதாவது இரண்டு லைனையும் ஒன்றாக ஒட்டுவது வேண்டும். அதற்கான ஓபன்எம்பிடிசிபிரவுட்டர் (OpenMPTCProuter) சாஃப்ட்வேர் இலவசம்தான். ஆனால் இரண்டு லைனும் போய்ச் சேர வெளியே ஒரு விபிஎஸ் (இன்டர்நெட்டில் இருக்கும் வாடகை சர்வர்) மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். எல்லாம் அதன் வழியாகப் போவதால் மும்பை, சென்னை மாதிரி பக்கத்தில் இருப்பது நல்லது. மாதாந்திர டேட்டா அளவையும் பார்த்து எடுங்கள். உங்கள் வேலைக்கு ஆர்க்ளோனே போதும் என்பது என் கருத்து.

பொள்ளாச்சி ஸ்டுடியோ:
ஆர்க்ளோனில் துண்டாக ஏற்றினேன். அதே 60 ஜிபி இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிந்தது. பேங்க் சைட்டும் இப்போது லாக்-அவுட் ஆவதில்லை. விபிஎஸ் இப்போதைக்கு வேண்டாம்.