பெரிய வீட்டுப் பங்காளிகள் குழு: சாந்தி விசேஷத்துக்கு ஒரு மேப்

மீனா ஆச்சி: சாந்தி விசேஷத்துக்கு வாரவுகளுக்கு 11 வீடு ஒதுக்கியாச்சு. எந்த வீடு எங்கன்னு ஆளாளுக்குப் போன் பண்றாக. மேப்ல போட்டு ஒரே லிங்க்கா அனுப்ப முடியுமா? காசு கட்டாம

சிங்கப்பூர் சித்தப்பா: கூகுள்ல குத்தி அனுப்பு முடிஞ்சது

வள்ளி: போன விசேஷத்துக்கு அப்படித்தானே அனுப்புனோம். சம்பந்தி வேன் கொல்லைப்பக்கம் வந்து நின்னுச்சு

அழகப்பன் அயித்தான்: சீர்த்தட்டோட 😂😂

முத்து அண்ணன்: நம்ம வீடெல்லாம் இந்தத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல். மேப்ல குத்துற பின்னை (இடக்குறி) வீட்டு நடுவுல வச்சா வழிகாட்டுற ஆப் பக்கத்துல எந்த ரோடு இருக்கோ அங்க கொண்டுபோய் விடும், அது பாதி நேரம் பின்தெரு. அதனால அந்தக் குறி முகப்பு வாசல்லதான் இருக்கணும், எந்த சாப்ட்வேர் எடுத்தாலும்.

சாப்ட்வேர்னு பாத்தா: கூகுள் மை மேப்ஸ் மோசமில்ல, 10 லேயர் (அடுக்கு), லேயருக்கு 2000 வரிசை. ஆனா திறமூலம் (அதோட நிரலை யாரும் பாத்து மாத்திக்கலாம்ங்கறது) கிடையாது, எடிட் பண்ண கூகுள் கணக்கு வேணும். யூமேப் திறமூலம், ஜனங்களே சேந்து வரையுற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல ஓடுது, நமக்கு சர்வர் வேண்டாம், கோடிங் வேண்டாம். லீஃப்லெட் வெப் பக்கத்துல மேப் காட்டுற சின்ன கோடிங் லைப்ரரி, அழகா இருக்கும், ஆனா நாமளே பக்கம் எழுதி எங்கயாவது ஏத்தணும். தனி சர்வர் போட்டு ஓட்டுற ஜியோசர்வரை யாரும் சொல்லிடாதீக, மோர் கடைய மந்தரமலையா. என் ஓட்டு போனுக்கு யூமேப், முகப்புல ஒட்டுற காகிதத்துக்கு க்யூஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போடுற சாப்ட்வேர்).

சிங்கப்பூர் சித்தப்பா: 👍

சிங்கப்பூர் சித்தப்பா: படிக்கல, ஆனா 👍

வள்ளி: அண்ணே ஷீட் நான் போடுறேன். என்னென்ன காலம் (நெடுவரிசை) வேணும்?

முத்து அண்ணன்: நேம் (name), லேட் (lat, அட்சரேகை), லான் (lon, தீர்க்கரேகை). இந்த மூணு தலைப்பும் ஆங்கில எழுத்துல இருக்கணும். லேட், லான் இடத்துல அட்சரேகைன்னு தமிழ்ல போட்டா யூமேப்புக்குத் தெரியாது. நேம்ல வீட்டு விலாசம் தமிழ்லயே போடு. அப்புறம் அறை, கழிப்பறை, கார் நிறுத்த இடம்.

லேட் 10 சொச்சம், லான் 78 சொச்சம். மாத்திப் போட்டா 11 வீடும் ஆர்க்டிக் கடல்ல, ஸ்வால்பார்டு பக்கம் போய் நிக்கும்.

சிங்கப்பூர் சித்தப்பா: என்னை அந்த வீட்டுலயே போடு. பங்குனி வெயில் தாங்காது

முத்து அண்ணன்: புள்ளிக்கு அப்புறம் 5 இலக்கம் வேணும், அதுதான் ஏறக்குறைய 1 மீட்டர். 3 இலக்கம்னா 100 மீட்டர் வரைக்கும் தள்ளிப்போகும், நம்ம ஊர்ல அது வேற தெரு. எக்செல்ல செல்லை ‘நம்பர்’ வகைக்கு மாத்துனா 2 இலக்கந்தான் காட்டும், சிஎஸ்வி-யா (வெறும் எழுத்துக் கோப்பு) சேமிச்சா காட்டுறதுதான் போகும். எல்லா வீடும் ஒரே இடத்துல குமிஞ்சுரும். சேமிக்கிறப்ப ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ன்னு இருக்கறதை எடு, வெறும் சிஎஸ்வி எடுத்தா விலாசமெல்லாம் கேள்விக்குறியாத்தான் வரும்.

வள்ளி: லேட் லான் எப்படி எடுக்க? விலாசம் போட்டுத் தேடுனா ஒண்ணும் வரல

முத்து அண்ணன்: வராது. வீட்டு விலாசமெல்லாம் மேப்ல ஏறல. தெருவுல முகப்புக்கு நேர நின்னு போன் ஜிபிஎஸ்ல எடுக்கணும். பட்டாலைக்குள்ள (வீட்டுக் கூடம்) நின்னு எடுக்காதே, அந்தச் சுவத்துக்கு ஜிபிஎஸ் தடுமாறும்.

அழகப்பன் அயித்தான்: ரெண்டாம் கட்டையும் (உள்முற்றத்துப் பகுதி) சேத்துக்க. அங்க 4 அறை சும்மா கெடக்கு

மீனா ஆச்சி: சாவி எங்க இருக்குன்னு அயித்தானுக்கே தெரியும்

அழகப்பன் அயித்தான்: எனக்கென்ன தெரியும்? பங்கு பிரிச்சப்ப வாங்கினவுகளைக் கேளுங்க

சிங்கப்பூர் சித்தப்பா: மேப் பத்திப் பேசுவோமே

தேவகோட்டை அயித்தை: மரத்தூண் வெலைக்கு இருக்கான்னு கேட்டு ரெண்டு பேரு தெருவுல சுத்துறாகளாம். உண்மையா?

மீனா ஆச்சி: வாட்ச்மேன் அப்படித்தான் சொன்னாக

தேவகோட்டை அயித்தை: அப்ப எந்த வீடு பூட்டிக் கெடக்குன்னு மேப் போட்டு ஊருக்கே காட்டப்போறீகளா?

முத்து அண்ணன்: அயித்தை சொல்றதுதான் முக்கியம். பொதுவுல விட்டா யூமேப் தளத்துல தேடுனாலே வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்குல உள்ள போய்ப் போட்டா ‘லிங்க் இருக்கறவுக மட்டும்’னு மாத்தலாம். அப்பவும் லிங்க்கை யாராவது ஃபார்வர்டு பண்ணுவாக, நம்ம ஆளுகளைத் தெரியாதா. அதனால ஆள் தங்குற 11 வீடு மட்டும் போடு. பூட்டின வீடு, சாவி வச்சிருக்கறவுக நம்பர், ஒண்ணும் ஏத்தாதே. விசேஷம் முடிஞ்ச மறுநா மேப்பை அழிச்சுரு. கூகுள் ஷீட்டை நேரா இணைக்கவும் வழி இருக்கு, ஆனா அதுக்கு ஷீட்டையே வெளியிடணும். வேண்டாம்.

வள்ளி: கணக்கு இல்லாம போட்டா?

முத்து அண்ணன்: போடலாம். முதல்தடவை சேமிச்சதும் ஒரு ரகசிய எடிட் லிங்க் தரும். அதைத் தொலைச்சா மாத்த வழியில்ல. இந்த குரூப்புல போட்டேன்னா ஆளாளுக்குப் பின்னை இழுத்து வச்சிருவாக.

அழகப்பன் அயித்தான்: யாரைச் சொல்றே தம்பி

முத்து அண்ணன்: பொதுவாச் சொன்னேன் அயித்தான் 🙏

மீனா ஆச்சி: பெரியப்பச்சி போன்ல மேப் தெரியாது. காகிதத்துல வேணும்கிறாக

முத்து அண்ணன்: அதான் க்யூஜிஐஎஸ். அதே சிஎஸ்வியை எழுத்துக் கோப்பு லேயரா ஏத்தணும். எக்ஸ்ல லான், ஒய்ல லேட், ஆயத்தொலை முறை 4326 (லேட் லானுக்கான எண்). ப்ராஜெக்டை மட்டும் 32644-க்கு மாத்து. நம்ம ஊரு 78 டிகிரி தாண்டி இருக்கறதால யூடிஎம் (பூமியைப் பட்டையாப் பிரிச்சு மீட்டர்ல அளக்குற முறை) 44 வடக்குல விழும், 32644 அதோட எண், அப்பத்தான் மீட்டர் கணக்குல அளவுகோல் சரியா நிக்கும். ஏ3, 300 டிபிஐ. எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். பிடிஎஃப் எடுக்கிறப்ப எழுத்தை எழுத்தா விடாம கோட்டுருவமா ஏத்துமதி பண்ணு, இல்லேன்னா பிரிண்ட் கடைக் கம்ப்யூட்டர்ல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போகும். ஓரத்துல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்னு பேர் கண்டிப்பா இருக்கணும், அது லைசென்ஸ் நிபந்தனை.

சிங்கப்பூர் சித்தப்பா: நெட் இல்லாட்டி?

முத்து அண்ணன்: யூமேப்ல இருந்து கேஎம்எல் (மேப் குறிகள் இருக்குற கோப்பு) இறக்கி ஆர்கானிக் மேப்ஸ் ஆப்ல திறக்கலாம். தமிழ்நாட்டு மேப்பை முன்னாடியே இறக்கி வச்சிருந்தா நெட் இல்லாம ஓடும்.

வள்ளி: சரி யூமேப். கணக்கு யார் பேர்ல?

அழகப்பன் அயித்தான்: வயசுல பெரியவுக பேர்ல

மீனா ஆச்சி: மெயில் பாஸ்வேர்டு மறந்தவுக பேர்லயா

வள்ளி: 😬 முத்தண்ணே நீங்களே?

முத்து அண்ணன்: ராத்திரி பாக்குறேன். நீ முதல்ல 11 முகப்பையும் எடுத்து அனுப்பு

அழகப்பன் அயித்தான்: 12. ரெண்டாம் கட்டு

மீனா ஆச்சி: 11 தான். அது இருக்கட்டும், காலைப் பலகாரம் கந்தரப்பமா வெள்ளைப் பணியாரமா? சமையக்காரக லைன்ல இருக்காக, சீக்கிரம் சொல்லுங்க