மை ஊறுகிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

ஐயாறு: வாத்தியாரின் பழைய நோட்டைப் பார்த்து கர்நாடக சங்கீத வர்ணங்களைப் பிரதி எடுக்கிறேன். ஸ்வரத்தின் மேல் வைக்கும் ஸ்தாயிப் புள்ளி விரிந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புள்ளி உள்ள தாரஸ்தாயி (மேல்) ஸ-வா, புள்ளி இல்லாத மத்யஸ்தாயி (நடு) ஸ-வா என்றே தெரியவில்லை. போன நோட்டில் இப்படி இல்லை.

குடமுருட்டி: என்ன மை, என்ன நிப், என்ன நோட்டு? ஒன்றுமே சொல்லவில்லையே சார்.

வெண்ணாறு: கார்த்திகை ஈரக்காற்றுதான் காரணம். நோட்டைப் பீரோவில் வையுங்கள்.

காவிரிமுனை: இதற்கு எத்தனை முறை பதில் எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். காகிதம் நார்ப் பின்னல். நார்ச்சந்துகளில் மை தானாக ஏறும். அதைத் தடுக்கத்தான் ஆலையில் ஸ்டார்ச், ரோசின் எல்லாம் சேர்க்கிறார்கள், சைஸிங் என்பது அதுதான். அது குறைந்தால் மை வேர் விடும். உறையில் போடும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது) கனத்தை மட்டுமே சொல்லும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எழுதலாம், உடனே உறிஞ்சினால் அந்தத் தாள் வேண்டாம்.

தாளடி: இப்போது எல்லாம் கரும்புச் சக்கைக் காகிதம். வேறென்ன ஆகும்?

குடமுருட்டி: சக்கை மேல் பழி போடாதீர்கள். புகழூர் டிஎன்பிஎல் காகித ஆலை நிறுவனம் 1979இல் தொடங்கியதே சக்கையை நம்பித்தான். அந்தத் தாளில்தான் தினமும் எழுதுகிறேன், பிசிறே இல்லை.

தாளடி: என் ஜெராக்ஸ் பண்டலில் ஊறுகிறதே?

குடமுருட்டி: யார் செய்த தாள் என்று உறையைப் பார்த்தீர்களா?

காவிரிமுனை: கேட்டவர் இன்னும் மையின் பெயரையே சொல்லவில்லை.

ஐயாறு: ராயல் புளூ, மீடியம் நிப். நோட்டு தெருமுனைக் கடையில் வாங்கியது.

அரசலாறு: புள்ளி வைக்கும்போது நிப் ஒரு கணம் நிற்கிறது, மை இறங்கிக்கொண்டே இருக்கிறது. கோட்டில் தெரியாத ஊறல் புள்ளியில் தெரிவது அதனால்தான். ஃபைன் நிப் போடுங்கள். அப்புறம், ராயல் புளூ சாய மை. தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். வாத்தியார் வழிப் பாடாந்தரம் நிலைக்க வேண்டுமானால் அயர்ன் கால் (iron gall, இரும்பு உப்பு சேர்ந்த) மை பாருங்கள். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும். பேனாவைக் காயவிடாமல் அடிக்கடி கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

வெண்ணாறு: கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் வரும் கறுப்பும் இதே சங்கதிதானே?

அரசலாறு: அதேதான். ஆனால் வீட்டில் காய்ச்சியதைப் பேனாவில் ஊற்றாதீர்கள், வண்டல் அடைத்துக்கொள்ளும்.

ஐயாறு: சொட்டு விட்டேன், உடனே குடித்துவிட்டது. என் போன நோட்டில் நிற்கிறது. வேறு நோட்டு வாங்க நாளை கும்பகோணம் போகிறேன், நிப்பும் அங்கேயே பார்க்கிறேன். நன்றி.

தாளடி: வாங்கும்போது சக்கைத் தாளா என்று உறையில் பார்த்துச் சொல்லுங்கள்.