‘என்வி’, ‘ஜெலசி’, ‘கவெட்’: மூன்றும் பொறாமைதானா?

வணக்கம். நான் மொழிபெயர்த்துவரும் கட்டுரையின் ஒரே பத்தியில் ‘என்வி’, ‘ஜெலசி’, ‘கவெட்’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களும் வருவதால், எல்லாவற்றையும் ‘பொறாமை’ என்று எழுதிவிட்டு நகர முடியாமல் நிற்கிறேன்.

பிறரிடம் உள்ளது நம்மிடம் இல்லையே என்னும் மனக்குமைச்சல் ‘என்வி’ என்றும், நம்மிடம் இருப்பதை, பெரும்பாலும் ஒருவருடைய அன்பை, மூன்றாமவர் பறித்துக்கொள்வாரோ என்னும் அச்சம் ‘ஜெலசி’ என்றும் புரிந்துகொண்டிருக்கிறேன். முன்னதற்கு இருவர் போதும், பின்னதற்கு மூவர் வேண்டும். சொற்பிறப்பும் இதற்கு ஓரளவு துணைநிற்கிறது: ‘என்வி’ தீய கண்ணோடு நோக்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது, ‘ஜெலசி’யின் வேரோ தீவிர ஆர்வத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆனால் அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர்களே ‘என்வி’ வரவேண்டிய இடத்தில் ‘ஜெலசி’யைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

‘கவெட்’ எளிது, பிறர் பொருளை விரும்புவது என்பதால், பழைய சொல்லாக இருந்தாலும் ‘வெஃகுதல்’ பொருந்தும். ‘என்வி’க்கு ‘அழுக்காறு’ என்று வைக்கலாமா? பறிபோகுமோ என்னும் அச்சமும் உரிமையுணர்வும் கலந்த ‘ஜெலசி’க்கு, ‘சந்தேகம்’ என்று சுருங்கிவிடாத ஒற்றைச் சொல் தமிழில் உண்டா? மொழிபெயர்ப்பில் பழகியவர்கள், எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.