கடல்மட்ட ஜீரோ 2,000 மீட்டர் உயரத்தில் நிற்குமா?

கேள்வி: .308 ரைபிள், 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு, 100 கஜத்தில் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தது). ஓஹாயோவின் தாழ்வான கேம்ப் பெர்ரி ரேஞ்சில் செட் செய்ததை, 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டிய நியூ மெக்சிகோ ரேட்டன் ரேஞ்சில் அப்படியே வைக்கலாமா?

பதில் 1: 100 கஜத்தில் வித்தியாசம் 2 மி.மீ.கூட வராது. அங்கே ஒரு அங்குலம் விலகினால் காற்றைக் குறை சொல்லாதீங்க. ஸ்கோப் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்), ஆக்‌ஷன் ஸ்க்ரூ (துப்பாக்கியின் இயங்குபகுதியைக் கட்டையோடு இணைக்கும் திருகு) இரண்டையும் டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளக்கும் ஸ்பானர்) வைத்துப் பாருங்க, பயணத்தில் தளர்ந்திருக்கும். தூரம் போகப்போகத்தான் விளையாட்டு. ரேட்டனில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 18% குறைவு, குண்டின் மீதான காற்றின் இழுவையும் அவ்வளவே குறையும். 1,000 கஜத்தில் 4 முதல் 6 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) வரை குறைவாக ஸ்கோப்பில் டயல் செய்ய வேண்டிவரும். பழைய டேட்டாவை வைத்துச் சுட்டால் குண்டு டார்கெட்டுக்கு மேலே போய்விடும்.

பதில் 2: குண்டின் பாதையைக் கணக்கிடும் ஆப்பில் எல்லோரும் சறுக்குற இடம் காற்றழுத்தம். வானிலை அறிக்கையில் வரும் 1013 ஹெக்டோபாஸ்கல் போன்ற எண் கடல்மட்டத்துக்குத் திருத்தியது. ரேட்டனில் நிஜ அழுத்தம் 800 ஹெக்டோபாஸ்கலை ஒட்டித்தான். கையடக்க மீட்டரில் நிஜ அழுத்தத்தை எடுத்துப் போட்டால், உயரத்தைத் தனியாகச் சேர்க்காதீங்க. இரண்டு முறை கணக்காகிடும்.

பதில் 3: ஈரப்பதத்தை விடுங்க, தாக்கம் அற்பம். வெப்பநிலையை விடாதீங்க: 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3.5% குறையும், தோட்டாவிலுள்ள வெடிமருந்து சூடானால் குண்டின் வேகமும் ஏறும். தோட்டாவை வெயிலில் வைக்காதீங்க.