எட்டாம் மாசம் நடக்குது: ஃபீடிங் பிரா எந்த அளவு, எப்போ வாங்கறது?

பாலக்கோடு_தங்கை கேட்டது:

இப்போ 34 வாரம், முதல் குழந்தை. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து 34 பி தான் போடறேன். இப்போ ஹூக் மாட்டினா முதுகுல தடம் பதியுது, கப்புக்கு மேலயும் அக்குள் பக்கமும் பிதுங்குது. டேப் வெச்சு அளந்ததுல மார்புக்குக் கீழ சுற்றளவு 82 செ.மீ., மார்பு எடுப்பா இருக்கற இடத்துல 99 செ.மீ. தர்மபுரியில கேட்ட ரெண்டு கடையிலயும் "38 எடுத்துக்கோம்மா, லூசா நல்லா இருக்கும்"னு சொல்றாங்க. வீட்டுல பெரியவங்க, முன்பக்கம் ஹூக் வெச்ச காட்டன் பாடியே போதும்ங்கறாங்க.

எந்த அளவு எடுக்கறது? இப்பவே வாங்கலாமா, குழந்தை பொறந்த அப்புறமா? முன்ஹூக் நல்லதா, தோள்கிட்ட கிளிப் வெச்சது நல்லதா? ராத்திரி தூங்கும்போதும் போடணுமா? வீட்டுல இருக்கற பழைய பிராவை டெய்லர்கிட்ட கொடுத்து மாத்திக்க முடியுமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

*

கிருஷ்ணகிரி_உள்ளாடைக்கடை எழுதியது:

தங்கச்சி, 38 வாங்காதீங்க. உங்க அளவுக்கு இப்போ 36 சி.

கணக்கு இதுதான். கீழ்ச்சுற்றளவு 73-லிருந்து 77 செ.மீ. வரைக்கும் 34, 78-லிருந்து 82 வரைக்கும் 36, 83-லிருந்து 87 வரைக்கும் 38. நீங்க 82, அதனால பட்டை 36. மேல் அளவுல கீழ் அளவைக் கழிச்சா வர்ற வித்தியாசம்தான் கப்பு. 14-லிருந்து 16 செ.மீ. பி, 16-லிருந்து 18 சி, 18-லிருந்து 20 டி. உங்களுக்கு 17 வருது. டேப் முதுகுல மேல ஏறாம தரைக்கு நேரா சுத்தி இருக்கணும். கீழ் அளவை மூச்சை வெளிய விட்டுட்டு டேப் உடம்போட ஒட்டற மாதிரி எடுக்கணும், மேல் அளவை இறுக்காம எடுக்கணும். மொத்தமா பேட் வெச்ச பிராவைப் போட்டுட்டு அளந்தா கப்பு ஒரு எழுத்து கூடிடும்.

கடையில ஏன் 38 கொடுக்கறாங்கன்னா, பெரும்பாலும் பி கப்பு மட்டும்தான் இருப்பு வெச்சிருப்பாங்க. 36 சி-யும் 38 பி-யும் கப்புக்குள்ள கொள்ளற அளவு ஒண்ணுதான், அதனால போட்டுப் பார்த்த உடனே பிதுங்காது, சரியா இருக்கற மாதிரியே தெரியும். ஆனா மார்போட எடையைப் பெரும்பாலும் தாங்கறது பட்டைதான், தோள் வார் இல்லை. பட்டை லூசா இருந்தா முதுகுல மேல ஏறும், முன்னாடி தொங்கும். உடனே வாரை இழுத்து இறுக்குவோம். தோள்ல பள்ளம் விழறதும் கழுத்து வலிக்கறதும் அங்கதான் ஆரம்பிக்குது. தோள் வலிக்குதுன்னு வர்றவங்களுக்கு அகல வார் கொடுத்து அனுப்பறதை விட, பட்டையை ஒரு அளவு குறைச்சுக் கொடுத்தாலே பாதிப் பேருக்கு சரியாயிடும்.

எப்போ வாங்கறதுன்னா, உடனே எல்லாத்தையும் வாங்காதீங்க. குழந்தை பொறந்த 2, 3 நாள்ல பால் இறங்கும்போது கப்பு ஒண்ணு, சிலருக்கு ரெண்டு கூட ஏறும். அப்புறம் 6 வாரத்துல கொஞ்சம் அடங்கி நிலைக்கும். அதே நேரத்துல வயிறு மேல தள்ளி விரிஞ்சிருந்த விலா எலும்பு சுருங்கறதால பட்டை அளவு குறையும். அதனால 36-ஆவது வாரத்துக்கு மேல 36 டி-யில ரெண்டே ரெண்டு எடுத்து ஆஸ்பத்திரிப் பையில வையுங்க. பட்டையின் கடைசி ஹூக்குல, அதாவது ரொம்ப லூசான வரிசையில சரியா இருக்கணும். விலா சுருங்கச் சுருங்க உள்வரிசைக்கு வரலாம். (நாலாம் அஞ்சாம் மாசத்துல வாங்கறவங்களுக்கு இது தலைகீழ். அவங்க உள்வரிசையில சரியா இருக்கறதை எடுக்கணும், இன்னும் விரியணுமே.) மீதி 3 செட்டை 6 வாரம் கழிச்சு மறுபடி அளந்து வாங்குங்க.

இந்த ரெண்டு வாரத்தை ஓட்டறதுக்கு ஹூக் எக்ஸ்டெண்டர்னு ஒரு சின்னத் துண்டு கிடைக்கும். உங்க பழைய 34-ல எத்தனை ஹூக் இருக்கோ அதே எண்ணிக்கையா பார்த்து வாங்குங்க, ஹூக்குக்கு ஹூக் இடைவெளியும் பொருந்தணும், இல்லைன்னா ஒரு பக்கம் கோணும். பட்டைக்குத்தான் அது உதவும். கப்பு பிதுங்கறதுக்கு எதுவும் செய்யாது.

போட்டுப் பார்க்கும்போது முன்னாடி குனிஞ்சு மார்பைக் கப்புக்குள்ள முழுசா அள்ளி வெச்சுட்டு நிமிருங்க. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க, பட்டை கூடவே ஏறக்கூடாது. முதுகுப் பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல போனா லூசு. கம்பி வெச்சது, மொத்தமான ஃபோம் கப்பு ரெண்டும் வேண்டாம். ஒரு நாளிலேயே பால் கட்டினதுக்கும் குடிச்சதுக்கும் மார்பு ஏறி இறங்கும், ஃபோம் அதுக்கு இழுத்துக் கொடுக்காது. பருத்தியோட கொஞ்சம் எலாஸ்டேன் (இழுத்தா நீளற நூல்) கலந்த மெல்லிய துணிதான் சரி.

கிளிப்பைக் கடையிலேயே ஒரு கையால கழட்டி மாட்டிப் பாருங்க, அதுவும் இடது கையால. முன்ஹூக் பாடியில திறந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணா விடுபடும், தாங்கறதுக்கு எதுவும் இருக்காது, குழந்தையை மடியில வெச்சுட்டு 5 ஹூக்கை ஒரு கையால மாட்டவும் முடியாது. வீட்டுக்குள்ள, நைட்டிக்குள்ள ஓட்டலாம். பஸ் ஸ்டாண்டு பாலூட்டும் அறையில கூட்டத்துக்கு நடுவுல உட்கார்ந்து கொடுக்கறவங்களுக்குக் கிளிப்தான் லேசு.

*

கிராமச்_செவிலியர் எழுதியது:

மேலே சொன்ன அளவெல்லாம் சரி. உடம்புக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கிளிப் பிராவில் இரண்டு வகை இருக்கிறது. கப்பை இறக்கினால் மார்பு முழுசாகத் திறப்பது ஒன்று. உள்ளே இன்னொரு துணி நின்றுகொண்டு நடுவில் ஓட்டை மட்டும் விட்டிருப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் ஓட்டை சின்னதாக இருந்தால் அதன் விளிம்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மார்பை அழுத்தும். அந்த இடத்தில் பால் ஓட்டம் தடைப்பட்டுக் கட்டி மாதிரி உருளும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் முழுசும், அதற்கு மேல் 3, 4 செ.மீ. சுற்றிலும் வெளியே தெரிகிற அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும். குழந்தையின் மூக்கும் தாடையும் துணியில் இடிக்கக் கூடாது. பிராவைக் கழற்றிய பிறகு தோலில் சிவப்புக் கோடு அரை மணி நேரம் ஆகியும் மறையவில்லை என்றால் அந்தப் பிராவைப் போடாதீர்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

சட்டென்று கொடுப்பதற்காகப் பிராவை மேலே தூக்கிவிட்டுப் பால் கொடுக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. பட்டை அப்படியே மார்பின் மேல்பாகத்தை இறுக்கிப் பிடித்துவிடும். பால் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

ராத்திரி கட்டாயம் இல்லை. ஆனால் முதல் சில வாரம் பால் ஒழுகும், பாலை உறிஞ்சும் பேட் நிற்பதற்கு ஏதாவது வேண்டும். ஹூக்கே இல்லாத, முன்னால் குறுக்காக மடிந்து ஒதுக்கிவிடக்கூடிய மெல்லிய பருத்தி பிரா இரண்டு இருந்தால் போதும்.

3-ஆம் நாள், 4-ஆம் நாள் மார்பு கல் மாதிரி ஆகும்போது துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம், உள்ளே வீக்கம் கூடத்தான் செய்யும். 2022-இல் வந்த தாய்ப்பால் மருத்துவ வழிகாட்டு நெறியிலும் அழுத்தி மசாஜ் செய்யாதே, குளிர் ஒத்தடம் கொடு, தாங்கிப் பிடிக்கிற பிரா போடு என்றுதான் இருக்கிறது. குழந்தை வாயில் பிடிக்க முடியாத அளவு விறைப்பாக இருந்தால், கருவளையத்தைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து நெஞ்சை நோக்கி மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் இளகும், பிறகு குழந்தையைப் போடுங்கள். பால் முழுசாக வற்றும் வரை பீய்ச்ச வேண்டாம். பீய்ச்சப் பீய்ச்ச இன்னும் சுரக்கும்.

காய்ச்சல் 101 டிகிரி தாண்டி, மார்பில் ஒரு பக்கம் சிவந்து, குளிர் நடுக்கமும் வந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, அந்தப் பக்கமும் கொடுக்கலாம்.

*

பாலக்கோடு_தங்கை எழுதியது:

ரொம்ப நன்றிங்க அக்கா, சிஸ்டர். 38 வாங்கல. ரெண்டு கேள்வி இன்னும் பாக்கி இருக்கு. பழைய 34 பி இனிமே கிடந்து என்ன பண்ணும், டெய்லர் மாத்தித் தர முடியுமா? இங்க போர் தண்ணியில துவைச்ச துணி காய்ஞ்சதும் முறுக்கா ஆயிடுது. பேட் அப்படி ஆனா காம்புல உரசுமே?

*

பர்கூர்_தையல் எழுதியது:

34 பி-யை மாத்தறதுல பிரயோஜனம் இல்லம்மா. கப்பே பத்தாதப்போ கிளிப் வெச்சு என்ன பண்றது? அளவு சரியா இருக்கற சாதா 36 டி, கம்பி இல்லாதது, கப்பு நுனியும் தோள் வாரும் தனித்தனியா சேர்ற மாதிரி தையல் இருக்கறது, அதை எடுங்க. அதை மாத்தலாம். டெய்லர்கிட்ட இப்படிச் சொல்லிக் கொடுங்க.

பொருள்: நர்சிங் கிளிப் ஒரு ஜோடி, வார் அகலத்துக்குப் பொருந்தறது. அப்புறம் 12 மி.மீ. அகலத்துல மெத்துனு இருக்கற பருத்தி நாடா ஒரு மீட்டர். கிளிப்பு வாரை விட அகலமா இருந்தா வார் உள்ள மடங்கி உருளும், குறுகலா இருந்தா நுழையவே நுழையாது. அதனால வார் அகலத்தை அளந்துட்டுப் போய் வாங்குங்க.

முதல்ல கப்பு நுனியில வாரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நாடாவைத் தைக்கணும். வார் சேர்ற இடத்துல ஆரம்பிச்சு கப்போட உள்பக்கமா அக்குள் ஓரமா இறக்கி, கீழ்ப் பட்டையில பக்கவாட்டுத் தையல்ல கொண்டு போய்ச் சேர்க்கணும். இதுதான் கப்பு இறங்கின அப்புறமும் வாரைப் பிடிச்சு நிக்கும். இந்த நாடா இல்லாம வெறும் கிளிப்பை மட்டும் வெச்சுத் தர்றாங்க, கழட்டின உடனே வார் முதுகுப் பக்கம் பறந்து போயிடும், தேடிப் பிடிக்கணும். நாடாவோட நீளத்தைப் பிராவைப் போட்ட நிலையில உடம்புல வெச்சு எடுங்க, ரெண்டு நுனிக்கும் 2 செ.மீ. மடிப்பு விடுங்க. மேசையில விரிச்சு அளந்தா குட்டையாகி மார்பு ஓரத்தை அறுக்கும். அப்புறம் வாரைக் கப்புல இருந்து பிரிச்சு, நாடாவோட மேல் நுனியையும் வார் நுனியையும் கிளிப்போட கொக்கித் துண்டுல சேர்த்து மடிச்சுத் தைக்கணும். கப்பு நுனியில கிளிப்போட வளையம் வரும். எலாஸ்டிக் மேல வர்ற எல்லாத் தையலும் ஜிக்ஜாக்தான். நேர்த்தையல் போட்டா முதல் தடவை இழுக்கும்போதே நூல் அறுந்துடும். மடிப்பு முடிச்செல்லாம் வெளிப்பக்கம் வரட்டும், தோலைத் தொடற பக்கம் மட்டமா இருக்கணும்.

பழைய 34-ஐ வீசாதீங்க, அதுல இருக்கற ஹூக் பட்டை எக்ஸ்டெண்டருக்கு ஆகும்.

பேட் வீட்டுலயே தைச்சுக்கலாம். பழைய பருத்தி வேட்டி, நல்லா துவைச்சு இளகினது, தோல் பக்கத்துக்கு 2 மடிப்பு. நடுவுல உறிஞ்சறதுக்கு மெல்லிய டர்க்கி டவல் துணி 2 மடிப்பு. 12 செ.மீ. வட்டமா வெட்டி, ஓரத்துல இருந்து நடு வரைக்கும் ஒரு வெட்டு விட்டு, 1 செ.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித் தைச்சா கிண்ணம் மாதிரி குழியும், மார்போட பொருந்தும். ஓரத்தை மடிச்சு அடிக்காதீங்க, அந்த மேடுதான் சுடிதார் மேல வட்டமாத் தெரியும், தோல்லயும் உரசும். ஓரம் ஜிக்ஜாக் மட்டும் போதும். 10 பேட் இருந்தா மாத்தி மாத்தி ஓடும். வெளிப்பக்கம் ஒழுகக்கூடாதுன்னு பிளாஸ்டிக் ஷீட் வெச்சுத் தைக்கக் கேட்பாங்க, நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

*

கிராமச்_செவிலியர் எழுதியது:

பிளாஸ்டிக் வேண்டாம் என்பது சரி. ஈரம் உள்ளேயே நின்று காம்பு ஊறி வெடிக்கும், பூஞ்சைத் தொற்றும் வரும். பேட் நனைந்தால் உடனே மாற்றுங்கள், காய்ந்துவிடும் என்று விடாதீர்கள். பேட் காம்போடு ஒட்டிக் காய்ந்திருந்தால் வெடுக்கென்று பிய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுங்கள்.

தண்ணீர் விஷயம்: போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் சோப்புக் கட்டியும் சேர்ந்து திரிந்து நூலில் படிவதுதான் அந்த முறுக்கு. பார் சோப்பை விட்டுவிட்டு லேசான லிக்விட் சோப்பு போடுங்கள், அளவைக் குறைத்துப் போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் குடிநீர் ஒரு பக்கெட் ஒதுக்கி வையுங்கள். அது கிடைக்காத நாளில் 5 லிட்டர் தண்ணீரில் வெள்ளை வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டுப் பேடுகளை அலசிவிட்டு, மறுபடி வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். காய்ந்ததும் இரண்டு கையாலும் கசக்கி உதறினால் இளகும். துணி மிருதுவாக்கும் கண்டிஷனர் போடாதீர்கள், துணி பாலை உறிஞ்சாது, வாசனையும் குழந்தைக்கு ஆகாது.

பேடை வெயிலில் காயப் போடலாம், நல்லது. பிராவை நிழலில் காயப் போடுங்கள். சுடுதண்ணீரும் சித்திரை வெயிலும் எலாஸ்டிக்கைச் சீக்கிரமே தளர்த்திவிடும். துவைக்கும்போது ஹூக்கையும் கிளிப்பையும் மாட்டியே துவைக்க வேண்டும், வாரைப் பிடித்துத் தொங்கவிடாமல் பட்டையின் நடுவில் கொடியில் மடித்துப் போட வேண்டும்.