ஏர் ரைபிள்: குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) மேலும் கீழுமாக நீள்கிறது. பெல்லட்டா, துப்பாக்கியா, நானா?

தண்டையார்பேட்டை குறி:

வணக்கம். 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறேன். துப்பாக்கி செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் பிசிபி (சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடுவது), 4.5 மிமீ. போன மாதம் வரை 60 ஷாட்டுக்கு 618 பக்கம் ஸ்கோர் வந்துகொண்டிருந்தது. இப்போது 608 தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது.

பழைய பெல்லட் (ஈயக் குண்டு) தீர்ந்து புது லாட் (தயாரிப்புத் தொகுதி) டின் உடைத்ததும் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. அதே கம்பெனி, அதே 0.53 கிராம், தலை அளவும் (குண்டின் முன்பகுதி விட்டம்) அதே 4.50 மிமீ. இடது வலது பிரச்சினை இல்லை. மேலும் கீழும்தான் நீள்கிறது. பத்து ஷாட் அடித்தால் ஓட்டை வட்டமாக இல்லாமல் கத்தரிக்காய் மாதிரி நிற்கிறது. டின்னில் சில குண்டுகள் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. வீடு கடலுக்குப் பக்கம், உப்புக் காற்று.

டின்னை மாற்றிவிடலாமா? இறக்குமதிப் பெல்லட், விலையைப் பார்த்தால் சும்மா தூக்கிப்போட மனசு வரவில்லை.

கொளத்தூர் 10.9:

தம்பி, ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கு. ஒவ்வொரு குண்டையும் எடை போட்டு 0.53-ஐ ஒட்டி வருவதைத் தனி டப்பாவில் வை, மிச்சத்தைப் பயிற்சிக்குத் தள்ளிவிடு. நான் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே இதைத்தான் செய்கிறேன். மனசுக்கு ஒரு நிம்மதி.

மாதவரம் டயாப்டர்:

மனசுக்கு நிம்மதி கிடைக்கும், ஸ்கோருக்குக் கிடைக்காது அண்ணா. கணக்குப் போட்டுப் பாருங்கள். தள்ளும் காற்று மாறாமல் இருந்து குண்டின் எடை 1 சதவீதம் கூடினால், வேகம் அரை சதவீதம்தான் குறையும். மேட்ச் ரைபிளின் வேகம் நொடிக்கு 172 மீட்டர் என்று வைத்தால் அந்த வித்தியாசம் 0.9 மீட்டருக்கும் கீழே. 10 மீட்டர் போவதற்குள் குண்டு ஏறக்குறைய 16.5 மிமீ இறங்குகிறது. அதில் வரும் மாற்றம் 0.17 மிமீ. தசம ஸ்கோரில் (ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9) 0.1 என்பது 0.25 மிமீ. ராத்திரியெல்லாம் எடை போட்டு நீங்கள் சம்பாதிப்பது 0.1 கூட இல்லை.

இதே கணக்கில் வேகத்தை மாற்றிப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் குறைந்தால் குண்டு 1 மிமீ கூடுதலாக இறங்கும், 0.4 போச்சு. அதனால் செங்குத்தாக நீளும் குரூப்பைப் பார்த்தால் முதலில் வேகத்தைச் சந்தேகப்படணும். அதற்கும் முன்னால் மூச்சை. மூச்சை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்தவில்லை என்றாலும் குறி இப்படித்தான் மேலும் கீழும் போகும்.

தண்டையார்பேட்டை தம்பி, அந்த வெள்ளைப் பொடி ஈயம் காற்றில் அரித்து வருவது. அந்தக் குண்டுகளை மட்டும் பொறுக்கி ஒதுக்கிவிடு. ஊதாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ, வடை எல்லாம். டின்னுக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வை.

காசிமேடு கடல்காத்து:

பீப்பாயைச் சுத்தம் பண்ணி எவ்வளவு நாளாச்சு? இந்தப் பக்கம் ஈரப்பதத்துக்கு உள்ளே லேசாகத் துரு பிடித்தாலே குரூப் கலைந்துவிடும். கம்பி போட்டுக் குத்தாதே, முனை அடிபட்டால் பீப்பாயே வீண். இங்கே துறைமுகத்துக்கு வெளியே எந்தக் கடையிலும் தங்கூஸ் நரம்பு கிடைக்கும். ஒரு மீட்டருக்கு மேல் வெட்டி, இரண்டாக மடித்து, மடிப்பில் ஃபெல்ட் துண்டைச் சிக்கவைத்து, குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம் இழு. ஒரே திசைதான். முதல் துண்டு கரியாக வரும், பிறகு வெளுக்கும். நிறைய எண்ணெய் விடாதே. சுத்தம் பண்ணியதும் முதல் சில குண்டு கண்டபடி போகும், அதைக் கணக்கில் எடுக்காதே.

பெரம்பூர் லோகோ:

டின்னைக் குறை சொல்வதற்கு முன்னால் மூணு கேள்வி. மேலே போகிற குண்டு எப்போது போகிறது, இஷ்டத்துக்கா, இல்லை ஒரு ஒழுங்கில் வருகிறதா? சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கும்போது இது நடக்கிறது? கையில் பிடிக்காமல் ரெஸ்ட்டில் (தாங்கியில்) வைத்துச் சுட்டுப் பார்த்தாயா?

தண்டையார்பேட்டை குறி:

அண்ணே, பீப்பாய் சுத்தம் பண்ணினேன், துரு இல்லை. குரூப்பில் பெரிய மாற்றமும் இல்லை.

நீங்கள் கேட்ட பிறகு ஷாட் வரிசையை எடுத்துப் பார்த்தேன். மேலே போவது பெரும்பாலும் இடைவெளி விட்டுச் சுடும் முதல் குண்டு. தண்ணி குடித்துவிட்டு, கோட் பட்டன் கழற்றி மாட்டிவிட்டு வந்தால் முதல் ஷாட் மேலே. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நடுவுக்கு வருகிறது. கேஜ் முள் நல்ல இடத்தில்தான் இருக்கிறது. ரெஸ்ட்டில் இன்னும் பார்க்கவில்லை.

துப்பாக்கியோடு இரண்டாவது காற்றுச் சிலிண்டர் ஒன்று கிடைத்தது, இதுவரை தொட்டதில்லை. அதை மாட்டிப் பார்த்தால் காற்றுப் பக்கம் கோளாறா என்று தெரிந்துவிடுமே? துப்பாக்கிக்குக் காற்று நிரப்பும் கிளப் டைவிங் சிலிண்டர் காலியாகிவிட்டது, நிரப்பி வர இன்னும் ஒரு வாரம் ஆகும். வீட்டுக்குப் பக்கத்து வெல்டிங் கடையில் கேட்டேன், அடாப்டர் கொண்டு வந்தால் அடித்துத் தருகிறோம் என்றார்கள்.

பெரம்பூர் லோகோ:

நில்லு. வெல்டிங் கடைப் பக்கமே போகாதே.

அங்கே கறுப்புச் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன். உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கிரீஸையோ எண்ணெயையோ தொட்டால் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். உன் துப்பாக்கிக்குள் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிரீஸ் எல்லாம் இருக்கிறது, கன்னம் வைப்பதும் அதற்கு மேலேதான். நைட்ரஜன் வேறு கதை. ஆனால் கடைப் பையன் "இது நைட்ரஜன் சார்" என்று சொன்னான் என்பதற்காகவெல்லாம் இணைக்கக் கூடாது. காய்ந்த, வடிகட்டிய காற்று மட்டும்தான். ஒரு வாரம் சுடாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த இரண்டாவது சிலிண்டரைக் கையில் எடுத்து, உடம்பில் பொறித்திருக்கும் மாதம், வருஷம் என்ன என்று பார்த்துச் சொல்.

தண்டையார்பேட்டை குறி:

2012 என்று இருக்கிறது. மாட்டியிருப்பதில் 2019.

மாதவரம் டயாப்டர்:

2012 சிலிண்டரில் காற்று அடைக்கவே கூடாது. போட்டி விதியிலேயே இருக்கிறது, தயாரிப்பாளர் சொன்ன காலக்கெடுவுக்குள் இருக்கணும், அதிகபட்சம் 10 வருஷம், பொறுப்பு சுடுபவருடையது. விதியை விடு, 200 பார் அழுத்தம் உன் இடது கையில் இருந்து ஒரு ஜாண் தூரத்தில் இருக்கிறது. வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஈரக் காற்று அடைத்தவர் யாராவது இருந்தால் உள்ளே அரித்திருக்கும். செகண்ட் ஹேண்டில் துப்பாக்கி பார்க்கப் போகிறவர்கள் பீப்பாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், இந்தத் தேதியை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

2019 சிலிண்டருக்கும் காலம் இருக்கிறது என்று மறந்துவிடாதே. அடுத்ததற்கு இப்போதே பணம் சேர்க்க ஆரம்பி.

வியாசர்பாடி புதுசு:

குறுக்கே ஒரு சந்தேகம், மன்னிக்கணும். வெளிநாட்டு வீடியோக்களில் ரைபிள்காரர்கள் மருந்து அளந்து, தோட்டாவை வீட்டிலேயே அடைத்து, துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி பொருத்திக்கொள்கிறார்கள். நாமும் பாயின்ட் 22 (வெடிமருந்துத் தோட்டா) ரைபிளுக்கு அப்படிச் செய்தால் இந்த லாட் தொல்லையே இருக்காதே?

மாதவரம் டயாப்டர்:

முடியாது தம்பி. சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவில் மாட்டும். சட்டத்தை ஒதுக்கினாலும் பாயின்ட் 22 ரிம்ஃபயர். வெடிக்கும் பொருள் உறையின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது, அடித்தால் அந்த விளிம்பே நசுங்குகிறது, திரும்ப அடைக்கிற சமாச்சாரமே இல்லை. அவர்கள் செய்வது நடுவில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள சென்டர்ஃபயரில்.

அதனால் பாயின்ட் 22 சுடுகிறவர்கள் லாட் லாட்டாக டெஸ்ட் செய்து பிடித்ததை மொத்தமாக வாங்குகிறார்கள். ஜெர்மனியில் ஷோனெபெக் என்ற ஊரில் தோட்டா செய்யும் லாபுவா கம்பெனியே இதற்கு ஒரு மையம் வைத்திருக்கிறது. துப்பாக்கியைப் பிடிமானத்தில் பூட்டி, எந்த லாட் சேர்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். நாம் பெல்லட்டில் செய்வதும் இதேதான். வீட்டில் தோட்டா அடைக்கிற அந்த ஹேண்ட்லோட்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். நம்ம ஆட்கள் பெல்லட், சைட், பட் பிளேட் (தோளில் பதியும் தகடு) மூணையும் ஒரே நாளில் திருகிவிட்டு எது கெடுத்தது என்று தேடுவார்கள்.

தண்டையார்பேட்டை குறி:

காற்று வந்துவிட்டது. கிளப்பில் ஒரு சார் கிரோனோ (குண்டின் வேகம் அளக்கும் கருவி) கொண்டு வந்தார். ரெஸ்ட்டில் வைத்து, அதே புது டின், வெள்ளை பூத்ததை நீக்கிவிட்டு. பத்து நிமிஷம் சும்மா வைத்த பிறகு முதல் குண்டு நொடிக்கு 181 மீட்டர், அடுத்தது 174, அதற்கடுத்தது 172. பிறகு 171, 172 என்று அசையாமல் நிற்கிறது. மறுபடி இடைவெளி விட்டால் மறுபடி 180-க்கு மேல் ஏறி இறங்குகிறது.

விடாமல் சுட்டால் குரூப் வட்டமாகவே இருக்கிறது. அப்போது பெல்லட் நல்ல பெல்லட்தானா?

பெரம்பூர் லோகோ:

நல்ல பெல்லட்தான் போலிருக்கிறது. டின் மாறியதும் இதுவும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால் பழி டின் மேல் விழுந்துவிட்டது. இது ரெகுலேட்டர் கோளாறு.

சிலிண்டரில் இருக்கும் அழுத்தத்தை ரெகுலேட்டர் குறைத்து, ஒரு சின்ன அறைக்கு அளவாக விடும். அளவு வந்ததும் மூடிக்கொள்ளணும். அதன் சீட்டில் (மூடி பதியும் இடத்தில்) ஒரு கீறலோ தூசியோ இருந்தால் முழுசாக மூடாது. நீ தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில் காற்று நூலாகக் கசிந்து அறையில் ஏறிக்கொண்டே இருக்கும். வந்து சுடுகிற முதல் குண்டு அந்தக் கூடுதல் அழுத்தத்தில் போகிறது. விடாமல் சுட்டால் கசிவதற்கு நேரம் கிடைப்பதில்லை, வேகம் நிலைக்கிறது. ரயிலில் ஏர் பிரேக் பார்த்த எங்களுக்கு இது பழைய பகையாளி. அழுத்தத்தைக் குறைத்து விடும் வால்வ் கசிந்தால் 5 கிலோ அழுத்தத்தில் நிற்க வேண்டிய பிரேக் பைப்பில் அழுத்தம் தன்னால் ஏறும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுதான் தெரியும்.

டயாப்டர் அம்மா போட்ட கணக்கிலேயே போனால் 172-க்கும் 181-க்கும் 1.6 மிமீ வருகிறது, காற்றுத் தடையை விட்டுவிட்டால். அதாவது 0.6-க்கு மேல். போட்டியில் மேட்ச் ஷாட் ஆரம்பித்த பிறகு சோதனை ஷாட் கிடையாது, ஆக நீ எடுக்கும் ஒவ்வொரு ஓய்வுக்கும் 10.9 வர வேண்டிய ஒரு குண்டை 10.2 ஆக்கி விலை கொடுக்கிறாய்.

நீயே கழற்றாதே. யூடியூபில் ஆயிரம் பேர் கழற்றிக் காட்டுவார்கள். உள்ளே காற்று மிச்சம் இருக்கும்போது ஒரு மரை கழன்றால் அது கண்ணில்தான் வந்து நிற்கும். சிலிண்டரை எடுத்துவிட்டு, கையேட்டில் சொன்னபடி மிச்சக் காற்றை வெளியேற்றி, சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடு. சீட்டும் ஓ-ரிங்கும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

கொளத்தூர் 10.9:

அப்போ என் தராசு?

மாதவரம் டயாப்டர்:

தங்கம் விற்கிற விலைக்கு வீட்டில் இருக்கட்டும் அண்ணா, உதவும்.

தண்டையார்பேட்டை குறி:

சர்வீஸ் ஆகி வந்துவிட்டது. சீட்டில் பிசிறு இருந்ததாம், மாற்றியிருக்கிறார்கள். இப்போது இடைவெளி விட்ட முதல் குண்டு 173, அப்புறம் 172. ரெஸ்ட்டில் பத்து ஷாட் ஓட்டையின் வெளிவிட்டம் 6.3 மிமீ. இதைக் குறைக்க முடியுமா? கிளப்பில் ஒருவர் 4.49 தலை டின் தருகிறேன் என்கிறார்.

மாதவரம் டயாப்டர்:

வாங்கிப் பார். குண்டின் விட்டமே 4.5, ஆக 6.3 என்றால் மையத்துக்கு மையம் 1.8 மிமீ. கெட்டது இல்லை. நல்ல லாட் கிடைத்தால் 6-க்குள் வரும், 5.5-ஐத் தொட்டால் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொள். ஒவ்வொரு டின்னுக்கும் ஐந்து ஷாட் அடித்து முடிவு பண்ணாதே, ஐந்து ஷாட்டில் எந்தக் குப்பையும் ஒரு தடவை அழகாக விழும். பத்துப் பத்தாகச் சில குரூப் அடி. டின் மாற்றும்போது முதல் சில குண்டுகளைச் சும்மா விட்டுவிட்டு ஆரம்பி. பாவாடை (விரிந்த பின்பகுதி) நசுங்கிய குண்டு கண்ணில் பட்டால் கண்ணாடி மேல் உருட்டிப் பார், மற்ற குண்டுகள் போல வளைந்து உருளாவிட்டால் ஒதுக்கு.

தண்டையார்பேட்டை குறி:

சரிக்கா. அண்ணே, அந்த 2012 சிலிண்டரை என்ன பண்ண? காயலான் கடையில் போட்டுவிடட்டுமா?

பெரம்பூர் லோகோ:

முழுசாகப் போடாதே. யாராவது எடுத்துத் துடைத்து, ஓஎல்எக்ஸில் "ஸ்பேர் சிலிண்டர், நல்ல கண்டிஷன்" என்று போட்டுவிடுவான். காயலான் கடையில் காற்று இருப்பது தெரியாமல் கட்டர் வைத்தாலும் ஆபத்து. சர்வீஸ் செய்தவரிடமே கொண்டுபோ. காற்றை முழுக்க இறக்கி, வால்வைக் கழற்றி, உடம்பில் ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொல். ஓட்டை விழுந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போடு.